இரண்டாம் முறை கிடையாது

தருமபுரம், காரைக்கால்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மணிபாரதியும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ரயில் பணிமனையில் இன்னும் குனிந்து நிமிர்கிற வேலைதானா?

நீ மாமன் ஆகப்போகிறாய். மூன்றாவது மாதம். டிசம்பர் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் பேசினால் பக்கத்து வீட்டு மிக்சிகூட நின்று கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குழந்தைக்கு நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். அம்மா போன பிறகு நம் பக்கத்தில் நாம் இரண்டு பேர்தானே.

கல்யாணத்துக்கு முன்னால், பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்தேன். மணிபாரதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை அம்பகரத்தூரிலிருந்து நேற்று பஸ் ஏறி வந்தது, கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு.

"மொத முடி நம்ம கோயில் ஆத்தாளுக்குத்தான். அதுல மாத்தமில்ல," என்றார் அத்தை, மகன் வீட்டு வாசற்படியிலேயே.

"எடுங்க அத்தை. நான் வேணாம்னு சொல்லலயே. அதோட ஞானஸ்நானமும் குடுக்கணும்."

"அந்தத் தண்ணிய ஊத்திட்டா அது உங்க புள்ள. அப்பறம் நான் யாரு அதுக்கு? கீர குடுக்க வர்ற பொம்பளையா?"

எவ்வளவோ படித்திருக்கிறேன் என்று நீ கேலி செய்வாயே, அதில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. அந்தத் தண்ணீர் பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடும் என்று அத்தை பயப்படுகிறார். எனக்கோ அது சேர்த்துக்கொள்கிற தண்ணீர். கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன்.

உன் சம்மதத்தை எழுது.

அன்புத் தங்கை,
ஜெனேவியேவ்


பாரிஸ் அருகே
2 ஜூலை 2024

அன்பு ஜெனி,

நான் நலம். நீ நலமாக இருப்பதுதான் இப்போது முக்கியம். உன் கடிதத்தைப் பணிமனையில் சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். மாமன் ஆகப்போகிறேன் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்துக் கைகுலுக்கினார்.

இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி வருகிறது. முதுகு பரவாயில்லை. உனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள், மறக்காமல் போடு. மாமியாரிடம் சண்டை வேண்டாம்; அம்மா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். மற்றவை பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிரான்க்


தருமபுரம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. மாதா திருவிழாவுக்குப் போய் வந்தோம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கவனித்துவிட்டேன் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தை வாரம் இரண்டு தடவை வருகிறார். சமையல் முடியும்வரை பேச மாட்டார். சோற்றை வடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

"ஒரு தடவ ஊத்துனா அப்பறம் வேணாம்னா போயிருமா?"

"போகாது அத்தை. ஒரே தடவைதான். ரெண்டாந்தடவ கெடையாது. அது ஆத்துமாவுல விழுந்த அடையாளம்."

"பச்ச குத்துறாப்லயா?" என்று தன் முன்கையை நீட்டிக் காட்டினார். தேள் ஒன்று பச்சையாக மங்கியிருந்தது.

"அப்படித்தான். ஆனா உள்ள."

"அழியாதா?"

"அழியாது."

"அதாண்டி எனக்குப் பயமே," என்று கஞ்சித்தண்ணீரை ஓரமாக நகர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு ஊத்துவா? சாமியாரா?"

"சாமியார்தான். உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணாலும் ஊத்தலாம். ஞானஸ்நானம் வாங்காதவங்ககூட."

"பூசாரி இல்லாம பூசையா? நல்லாருக்கே உங்க ஞாயம்!" என்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் வளைகாப்பு போடுகிறாராம். கை நிறைய வளையல் போட்டுக்கொள்ள எனக்கு ஆசைதான். அதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் ஞானஸ்நானப் பேச்சில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

ஜெனேவியேவ்


பாரிஸ் அருகே
20 செப்டம்பர் 2024

அன்பு ஜெனி,

நலம். வளைகாப்புப் படங்கள் வந்தன. உன் முகமும் உப்பியிருக்கிறதே? அம்மாவுக்கு நீ வயிற்றில் இருந்தபோது இப்படித்தான் இருந்தது. டாக்டரிடம் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல். படத்தில் உன் மாமியார் கோபமாக நிற்கிறார். ஆனால் சந்தனத்தை அவர்தான் அதிகம் பூசியிருக்கிறார் என்று தெரிகிறது.

ஞானத்தகப்பன் விஷயத்தில் வேறு யாரையாவது யோசித்து வை.

அன்புடன்,
ஃபிரான்க்


தருமபுரம்
12 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இப்போது அந்தச் சொல்லை உண்மையாகவே எழுத முடிகிறது. போனில் மணிபாரதி சொன்னது போக மிச்சத்தைச் சொல்கிறேன். தபாலுக்குக் காத்திருக்க முடியாது. எழுதியதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ரத்தக்கொதிப்பு ஆகஸ்டிலிருந்தே இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. இங்கே எல்லாருக்கும் சேர்த்து நானே பயந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் பதினாறாம் தேதி காலையில் கண் இருட்டியது. மணிபாரதி பயிற்சிக்காகப் புதுச்சேரி போயிருந்தார். நல்ல மழை. அத்தைதான் எதிர்வீட்டு வேனைப் பிடித்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். வேனில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, புள்ளைக்கு ஏதாவதுன்னா நீங்க ஊத்துங்க. யாரும் வர்ற வரைக்கும் நிக்காதீங்க. பேரச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவி பேரால நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னு சொல்லிக்கிட்டே தலைல தண்ணி ஊத்தணும். அவ்வளவுதான்."

"வாய மூடு. ஒண்ணும் ஆவாது. வாய மூடிக்கிட்டுப் படு!"

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது அடுத்த நாள். வயிற்றில் தையல். குழந்தை ஒரு கிலோ சொச்சம், மூச்சு கொடுக்கும் குழாயோடு கண்ணாடிப் பெட்டியில். பெண். முதல் நாள் சாயங்காலம் டாக்டர் கைவிரித்துவிட்டாராம். மணிபாரதி வந்து சேரும்வரை அத்தை ஒருவர்தான் அங்கே நின்றிருக்கிறார்.

இப்போது குழாய் எடுத்துவிட்டார்கள். பாலாடையில் பால் குடிக்கிறாள். வார்டு முழுக்க அவளை நிலா என்று கூப்பிடுகிறது. அத்தைதான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். நாங்கள் பெயரே யோசித்திருக்கவில்லை.

வேனில் சொன்னதைப் பற்றி அத்தை வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டதற்காகவே அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. குழந்தை வீட்டுக்கு வந்ததும் முறையாகக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம்.

உன் தங்கை,
ஜெனேவியேவ்


பாரிஸ் அருகே
30 நவம்பர் 2024

அன்பு ஜெனி,

நலமா என்று சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. நீயும் நிலாவும் நலமா?

நீ மறைத்ததற்குக் கோபப்படத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நானும் மறைத்திருக்கிறேன். அன்று மணிபாரதி போன் செய்தபோது, "ஜெபம் பண்ணுங்க மச்சான்" என்றார். அவர் சொல்கிறார், ஞானஸ்நானம் வாங்காத மனிதர். சரி என்று போனை வைத்தேன். முழங்காலிட்டேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

கொரோனா தொற்றுக் காலத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். நாலு பேர் தள்ளித் தள்ளி நின்றோம். அன்றிலிருந்து கோயில் வாசலை நான் மிதித்ததில்லை. ஞானத்தகப்பனாக நின்றால் 'விசுவசிக்கிறேன்' என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். உன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியாது.

இதுதான் காரணம். என்னை வெறுக்காதே.

ஃபிரான்க்


தருமபுரம்
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நிலா வீட்டுக்கு வந்து பொங்கலும் கண்டுவிட்டாள். இரண்டே முக்கால் கிலோ. அழுதால் தெருமுனை டீக்கடையில் கேட்கிறது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வெறுப்பதா? நீ இவ்வளவு நேராக எனக்கு எழுதியதே இல்லை. பொய் சொல்ல மாட்டேன் என்கிறவன்தான் ஞானத்தகப்பனாக நிற்கத் தகுதியானவன் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இங்கே நிலைமை மோசம். பொங்கல் அன்று நான்தான் பேச்சை எடுத்தேன். பங்குச் சாமியாரிடம் தேதி கேட்கப்போகிறேன் என்றேன். அத்தை கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்."

"அத்தை, முடி எடுக்கறது, காது குத்தறது எல்லாத்துக்கும் நான் சரின்னுதானே சொன்னேன்?"

"சொன்ன. இதுக்கு நான் சரின்னு சொல்லல. எம் பேத்தி தலைல அந்தத் தண்ணிய ஊத்தக் கூடாது. நான் உசுரோட இருக்கற வரைக்கும் ஊத்தக் கூடாது."

மணிபாரதி இத்தனை நாள் பேசாமல் இருந்தவர். அன்று, "இது என் புள்ளம்மா. ஜெனி குடுத்த வாக்கு எனக்கும் வாக்குதான்," என்று கத்திவிட்டார். அத்தை அரிவாளைக் கழுவி வைத்தார். பையை எடுத்தார். பொங்கலைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

அவர் இல்லாமல் என் பிள்ளை உயிரோடு இல்லை, அண்ணா. ஆஸ்பத்திரியில் தன் நெஞ்சோடு சேர்த்துச் சூடு கொடுத்தவர் அவர். அவரை வெளியே நிறுத்திவிட்டு நான் எந்தக் கோயிலுக்குள் போவேன்? போகாவிட்டால் என் வாக்கு என்ன ஆகும்? படித்ததெல்லாம் மறுபடியும் கைவிட்டுவிட்டது. இரவும் பகலும் ஒரே ஜெபம்தான்: வழி காட்டும்.

ஜெனேவியேவ்


தருமபுரம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலம், நலம். உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அத்தை நான்கு வாரம் வரவில்லை. போன வியாழக்கிழமை, ஒன்றுமே நடக்காததுபோல் கத்தரிக்காயோடு வந்து இறங்கினார். அன்று சாயங்காலமே பங்குச் சாமியாரும் குழந்தையைப் பார்க்க வந்துவிட்டார். சாமியார் காபியை ஆற்றிக்கொண்டே, "ஈஸ்டருக்கு வெச்சுக்கலாமா?" என்றார்.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். "வேணாம் சாமி."

"ஏன்ம்மா, உங்களுக்கு இஷ்டமில்லையா?"

"எனக்கு இஷ்டமிருக்கோ இல்லையோ, ரெண்டாந்தடவ ஊத்தக் கூடாதுல்ல? உங்க முறையில அப்படித்தானே? இவதான் சொன்னா."

"ரெண்டாந்தடவையா?"

"மொதத் தடவ நான் ஊத்திட்டேன்."

சாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதால ஊத்துனீங்கம்மா?"

"தண்ணியாலதான். ஆத்தா கோயில் தீர்த்தத்த ஒரு பாட்டில்ல வெச்சிருந்தேன். வெண்மதின்னு ஒரு நர்ஸ் பொண்ணு, அதெல்லாம் உள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டா. அப்பறம் நான் அழுவறதப் பாத்துட்டு, ஊசிமருந்து கலக்குற சுத்தத் தண்ணிய அவளே சிரிஞ்சுல எடுத்துக் குடுத்தா."

"தலையில ஊத்துனீங்களா? தண்ணி ஓடுச்சா?"

"நெத்தியில ஊத்துனேன். காதோரப் பொட்டு வழியா ஓடுச்சு. காதுக்குள்ள போயிருமோன்னு நாந்தான் சுண்டுவிரலால தடுத்தேன்."

"என்ன சொன்னீங்க?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றார். "நிலா, தந்தை, மகன், தூய ஆவி பேரால நான் ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்."

ஒரு சொல் பிசகவில்லை. நான் வேனில் ஒரே ஒரு முறைதான் சொன்னேன். "வாய மூடச் சொன்னீங்களே அத்தை!" என்றேன்.

"நீ மூடுனாத்தானே நான் மனப்பாடம் பண்ண முடியும்? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன்."

பிறகு சாமியாரிடம் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணிட்டேன் சாமி. முடிச்சதும், பழக்கதோஷம், ஆத்தாளையும் கூப்பிட்டுட்டேன். அதால கெட்டுப்போச்சா?"

"எல்லாம் முடிச்ச பின்னாடிதானே?"

"பின்னாடிதான்."

"ஊத்தறப்ப மனசுல என்ன நெனச்சீங்க?"

"என்னத்த நெனைக்க? இவ கோயில்ல என்ன செய்வாங்களோ, அது இந்தப் புள்ளைக்குக் கெடச்சுரணும்னு நெனச்சேன்."

சாமியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அதுதாம்மா வேணும். திருச்சபை செய்யறதச் செய்யணும்னு நெனைச்சா போதும். நீங்க குடுத்த ஞானஸ்நானம் செல்லும். இனிமே நான் ஊத்துனா அது வெறுந்தண்ணி."

நான் அத்தையின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன் சொல்லல? அன்னிக்கு இவரு அவ்வளவு கத்துனப்பகூட ஏன் சொல்லல?"

"புள்ள போயிரும்னு நெனச்சு ஊத்துனேன்னு எந்த வாயால சொல்லச் சொல்ற? சொல்லி, அது பலிச்சுட்டா? இன்னிக்குத்தான் அதுக்குத் தல நின்னுருக்கு, இன்னிக்குச் சொல்றேன்." பிறகு என் தலையில் கைவைத்தார். "அழியாதுன்னு சொன்னியே. போறதுன்னாலும் அழியாத ஒண்ணோட போவட்டும்னு ஊத்துனேன். அவ போவல."

அண்ணா, நான்கு மாதமாக என் கண்ணெதிரே கிடந்தவள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவள். நான் வழி கேட்டு மன்றாடிய ஒவ்வொரு நாளும் அது நடந்து முடிந்திருந்தது. என் படிப்புக்காகவும் என் பிடிவாதத்துக்காகவும் கடவுள் காத்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எண்ணெய், வெள்ளை ஆடை, மெழுகுவத்தி, சடங்கில் இவைதான் மிச்சம். ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில் அவற்றைக் கொடுத்துத் திருச்சபை அவளை வரவேற்குமாம். மெழுகுவத்தி பிடிக்க ஒரு கை வேண்டும். வேறு யாரையும் நான் கேட்கவில்லை.

உன் ஜெனேவியேவ்


அம்பகரத்தூர்
2 மார்ச் 2025

ஃபிரான்க் தம்பிக்கு,

ஜெனியோட மாமியா செல்லம்மா எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சொகம். நீங்க வேளாவேளைக்குச் சாப்புடுறீங்களா? நான் சொல்லச் சொல்ல மணி எழுதறான். அவனா எதுவும் சேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

நீங்க கோயிலுக்குப் போறதில்லன்னு ஜெனி சொல்லல. உங்க லெட்டர் வர்ற அன்னிக்கு அவ மொகம் சொல்லும். தாய் போன துக்கம் லேசுல்ல தம்பி. எங்க வூட்டுக்காரரு போனப்ப ஆத்தா வீதிவுலால வாசலுக்கே வந்தா. நான் கதவச் சாத்திக்கிட்டேன். ஒரு வருசம் அவ மூஞ்சில முழிக்கல. அப்பறம் ஒரு நாள் நானே எந்திரிச்சுப் போனேன். எதுக்குப் போனேன்னு இன்னிக்கும் தெரியல.

மனசு நெறஞ்சாத்தான் வருவேன்னு ஒக்காந்திருக்காதீங்க. ஒண்ணுந்தெரியாதவ ஊத்துன தண்ணியே செல்லும்னு உங்க சாமியாரு சொல்லிட்டாரு. நீங்க மெழுவத்தி புடிச்சா செல்லாமப் போயிருமா? அதோட, காது குத்தத் தாய்மாமன் மடி வேணும். மடிய அங்க வெச்சுக்கிட்டு நான் இங்க என்ன பண்றது? ரெண்டையும் ஒரே நடையில முடிச்சுட்டுப் போங்க.

வர்றப்ப கம்பளி சட்ட வேணாம். இங்க வெயிலு கொளுத்துது.

இப்படிக்கு,
செல்லம்மா

(அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன் மச்சான். வந்துவிடுங்கள். – மணிபாரதி. இதற்குச் சத்தியம் கிடையாது.)


பாரிஸ் அருகே
21 மார்ச் 2025

அன்பு ஜெனி,

நலம். ஏப்ரல் பதினேழு காலை சென்னையில் இறங்குகிறேன். லீவு கிடைத்துவிட்டது.

நேற்று கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை என்பதையும். வரத் தோன்றியதே போதும், அங்கிருந்து தொடங்குங்கள் என்றார் குருவானவர். உன் மாமியாருடைய கடிதத்தை அவர் படித்திருப்பாரோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

கம்பளிச் சட்டை கொண்டுவரவில்லை என்று அத்தையிடம் சொல்.

ஃபிரான்க்


பாரிஸ் அருகே
4 மே 2025

அன்பு ஜெனி,

நலமாக வந்து சேர்ந்தேன். நிலாவுக்குக் காதுப் புண் ஆறிவிட்டதா? அவள் என் மடியில் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. உனக்கும் மணிபாரதிக்கும் என் அன்பு.

அன்று பூசையில் நீ முன்னால் நின்று குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோயில் வாசலில் சாமியார், "இந்தக் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவர் யார்?" என்று கேட்டதும், கூட்டத்தின் கடைசியிலிருந்து, "நாந்தான்! ஏன், என்னவாம்?" என்று அத்தை குரல் கொடுத்தாரே, கோயிலே சிரித்தது, அதுவரை நீ கேட்டிருப்பாய். அவரை முன்னால் வரச் சொன்னார்கள். என் பக்கத்தில் வந்து நின்றார். பட்டுப்புடவை, கையில் துணிப்பை, நெற்றியில் வழக்கமான விபூதி.

விசுவாசக் கேள்விகள் வந்தன. முதல் கேள்விக்கு என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவதில் உன் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்றாவது கேள்வியில் இறந்தவர்களின் உயிர்ப்பு வந்தது. நாலு பேர் மட்டும் நின்ற அந்தக் கல்லறை கண்முன் வந்தது. இங்கே கோயில் நிறைய மனிதர்கள். 'விசுவசிக்கிறேன்' என்றேன். உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மணிபாரதி திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லவில்லை, ஜெனி.

பிறகு சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் நெற்றியில் சிலுவை போட்டார்கள். அத்தை வலது கையைக் குழித்து நீட்டினார், அவர்கள் கோயிலில் வாங்குகிற மாதிரி. சாமியார் ஒரு நொடி நின்று, அந்த உள்ளங்கை நிறையத் தண்ணீர் விட்டுப் போனார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "உங்க மேல பட்டுச்சா தம்பி?"

"தெரியல அத்தை."

"தெரியலன்னா படல," என்று கையிலிருந்ததை முழுசாக என் தலையில் கவிழ்த்தார்.

குளிர்ந்த தண்ணீர். நெற்றியில் இறங்கி, கண்ணாடியை நனைத்து, சட்டைக் காலருக்குள் போனது. நான் துடைக்கவில்லை. எரிகிற மெழுகுவத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

நிலாவின் ஞானத்தகப்பன்,
ஃபிரான்க்